ஞாயிற்றுக்கிழமை ஓடிய மோட்டார்

இதைப் படிக்கிற நீங்கள் எனக்குச் சாட்சியாக இருக்க வேண்டும். சாட்சிக்கு ஒரு கடமைதான் உண்டு: கண்டதைக் கண்டபடி சொல்வது. நான் ஒரு பெண்ணைத் திருடி என்று சொன்னேன். அதிகாரிகள் நிறைந்த ஒரு கூட்ட அரங்கில், ஒலிபெருக்கியின் முன் நின்று, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். எதை வைத்துச் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்பதை வரிசையாக உங்கள் முன் வைக்கிறேன். நான் எங்கே வழுக்கினேன் என்பதை எனக்கு முன்பே நீங்கள் கண்டுகொண்டால் தயங்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி. நான் திண்டிவனத்துக்காரன். மயிலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் மின்பொறியியல் படித்தேன். பாடத்தில் நடுத்தரம், மேடையில் முதல்தரம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. குரலை எங்கே தாழ்த்த வேண்டும், எந்தச் சொல்லுக்கு முன் மூன்று நொடி காத்திருக்க வேண்டும், எதிரணியின் வலுவான வாதத்தை நாமே முதலில் எடுத்துச் சொல்லி அதன் பல்லைப் பிடுங்குவது எப்படி என்பதையெல்லாம் முறையாகப் பயின்றவன். ஒட்டிப் பேசச் சொன்னாலும் வெல்வேன். மறுநாள் அதே தலைப்பை வெட்டிப் பேசச் சொன்னாலும் வெல்வேன். எங்கள் வீட்டு அலமாரியில் புத்தகம் வைக்க இடமில்லாத அளவுக்குக் கேடயங்கள் இருந்தன.

படிப்பு முடிந்ததும் ஒரு தனியார் நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. பெரிய கட்டடங்களில் மின்சாரம் எங்கே வீணாகிறது, குறைந்த செலவில் எதை மாற்றினால் அதிகம் மிச்சமாகும் என்று ஆராய்ந்து அறிக்கை தருவது அவர்கள் தொழில். “அளக்கறதுக்கு ஆயிரம் பேர் கிடைப்பாங்க தம்பி. அளந்ததை அதிகாரி முன்னால நின்னு சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. உன் வாய் நமக்கு வேணும்” என்றார் முதலாளி. என் வாய்க்குக் கிடைத்த முதல் வேலை, விழுப்புரத்தில் பல துறை அலுவலகங்கள் ஒரே சுற்றுச்சுவருக்குள் அடங்கிய ஒரு பெரிய வளாகம். அதன் பெயரையோ துறைகளின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. நான்கு மாடி, நீண்ட தாழ்வாரங்கள், எங்கு பார்த்தாலும் கோப்புக் கட்டுகள் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

போன முதல் நாளே எனக்கு ஒன்று புரிந்தது. அங்கே என்னை நம்பியவர் ஒருவருமில்லை.

கையில் அளவுக்கருவியோடு நான் ஒரு பிரிவுக்குள் நுழைந்ததும் விளக்குகள் அணைந்தன. அடுத்த பிரிவில் விசிறிகளும் நின்றன. வைகாசி வெயிலில் பதினைந்து பேர் இருட்டில் வியர்த்துக்கொண்டு, பொய்யான ஒழுக்கத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளியேறிய மறுகணம் அத்தனையும் மறுபடி சுழலும் சத்தம் என் முதுகில் கேட்டது. மூன்றாம் மாடியில் ஒரு காலி நாற்காலியின்மேல் விசிறி மட்டும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் திறந்த பேனா. நாற்காலி முதுகில் ஒரு துண்டு. நான் விசிறியை அணைக்கப் போனேன். பக்கத்து மேசைக்காரர் பதறி எழுந்தார்.

“சார், சார்! அதுல கை வைக்காதீங்க. ஃபேன் ஓடுதுன்னா அவர் சீட்ல கீறாருன்னு அர்த்தம்.”

“அவர் எங்கே?”

“டீக்குப் போயிருப்பாரு. இல்ல வானூர் வரைக்கும் போயிருப்பாரு. அது நமக்கு எதுக்கு? ஃபேன் நின்னா ஆள் லீவுன்னு ஆயிடும்.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “நீங்க கரண்ட்டுக்கு வந்தவரா, இல்ல ஆள் எண்ண வந்தவரா? உண்மைய சொல்லிடுங்க.”

அவர்கள் என்னைச் சந்தேகித்தார்கள். நான் அவர்களைச் சந்தேகித்தேன். குளிர்சாதனப் பெட்டி விற்பவர் ஒருவர், கேட்காமலே எனக்கு மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தபோது அவரையும் சந்தேகித்தேன். வளாகத்திலுள்ள பழைய பெட்டிகள் அத்தனையையும் மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும் என்று அவர் நீட்டிய தாளில் கூட்டல் சரியாக இருந்தது. நோக்கம் சரியாக இல்லை. துப்புரவுப் பணிகளை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தவரின் மேற்பார்வையாளர் என்னைக் காணும்போதெல்லாம் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் குறித்துக்கொண்டேன்.

எல்லோரும் நடிக்கும் இடத்தில் நடிக்காத ஒன்று வேண்டும் என்று முடிவுசெய்தேன். பிரதான மின்பலகையில், கம்பியில் ஓடும் மின்சாரத்தை நிமிடத்துக்கு நிமிடம் பதிந்துகொள்ளும் ஒரு சிறு பெட்டியைப் பொருத்தினேன். பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து அதைக் கணினியில் இணைத்து வரைபடம் எடுத்தேன். வேலை நாள்களில் கோடு காலையில் ஏறியது, மாலையில் இறங்கியது. சனிக்கிழமை விடுமுறை, கோடு தரையோடு கிடந்தது. ஞாயிறும் விடுமுறை. ஆனால் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோடு எழுந்து, நான்கு மணி நேரம் மேடு கட்டி நின்று, பிறகு விழுந்திருந்தது. மேட்டின் தலை ஒரே மட்டமாக இருந்தது. ஒரே ஒரு பெரிய இயந்திரம், இடைவிடாமல் ஓடியிருக்கிறது.

யாருமில்லாத கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை என்ன ஓடுகிறது?

அடுத்த ஞாயிறு திண்டிவனத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்து, வளாகத்தின் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். பத்து மணிக்குச் சற்று முன், கண்டாச்சிபுரம் டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி வாசலைக் கடந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். எனக்கு அவரைத் தெரியும். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். மாடிக் கழிப்பறைகள் அவர் பொறுப்பு. மோட்டார் அறைச் சாவியும் அவரிடம்தான் இருந்தது. தரைமட்டத்தில் ஒரு கீழ்த்தொட்டி. அதற்குள் மூழ்கிய மோட்டார். அது நீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும். காலையில் போடுவதும் நிறுத்துவதும் அவர் வேலை. வார நாள்களில்தான் அந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சம்பளம் கிடையாது.

மோட்டார் அறைக் கதவைத் திறக்கும் சத்தம் சாலைவரை கேட்டது. அரை மணி கழித்து அவர் இரண்டு பிளாஸ்டிக் குடங்களில் தண்ணீர் கொண்டுவந்து டீக்கடை வாசலில் இறக்கினார். கடைக்காரப் பெண் ஒரு டீயும் பன்னும் கொடுத்தார். இருவரும் எதையோ சொல்லிச் சிரித்தார்கள்.

நான் எழுந்து போய்க் கேட்டேன். “அக்கா, இன்னைக்கு லீவாச்சே?”

அவர் என்னை அடையாளம் கண்டு டம்ளரைக் கீழே வைத்தார். “தொட்டியில தண்ணி தங்கல சார். அதான் வந்து ஏத்திக்கினு போறேன்.”

“லீவு நாள்ல யாரு அக்கா தண்ணியைச் செலவு பண்றது?”

“ஆரு பண்றா? ஆரும் பண்ணல. அது தங்கல சார், அவ்ளோதான்.”

யாரும் செலவழிக்காத தண்ணீர் தீர்ந்துபோகிறது! பொய் சொல்லத் தெரியாதவரின் பொய் என்று அதை எடுத்துக்கொண்டேன். என் குறிப்பேட்டில் இரண்டு குடங்களையும் எழுதினேன், பன்னையும் எழுதினேன். ‘தொட்டியில் தண்ணீர் தங்கவில்லை’ என்ற வாக்கியத்தை எழுதவில்லை. விசாரிக்க வேண்டியவர்கள் என்று எங்கள் நிறுவனம் கொடுத்திருந்த பட்டியலில் பொறியாளர், மின்பணியாளர், பிரிவுக் கண்காணிப்பாளர் எல்லாம் இருந்தார்கள். துப்புரவுப் பணியாளர் இல்லை.

மறுநாள் குழாய்ப்பாதை முழுவதையும் நடந்து பார்த்தேன். கீழ்த்தொட்டியிலிருந்து மாடிவரை எங்கும் ஈரமில்லை, பாசியில்லை, சுவரில் கறையில்லை. ஒழுகும் குழாய் ஒன்றுகூட இல்லை. என் வாதம் அங்கேயே முழுமை பெற்றது.

இடைக்கால அறிக்கையைப் படிக்கும் கூட்டம் புதன்கிழமை நடந்தது. வளாகத்தைப் பராமரிக்கும் உதவிப் பொறியாளர் அம்மையார் தலைமை; சுற்றிலும் பிரிவு அதிகாரிகள்; கதவோரம் மேற்பார்வையாளர். விளக்குகளை மாற்றுவது, பழைய விசிறிகளுக்குப் பதில் குறைந்த மின்சாரம் கேட்கும் விசிறிகள், மின்வாரியத்திடம் தேவைக்கு அதிகமாகக் கேட்டு வாங்கியிருந்த மின்பளுவைக் குறைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொட்டாவிகள் தெரிந்தன. மேடையில் கொட்டாவியைக் கண்டவன் சும்மா இருப்பானா? கடைசிப் பக்கத்தை மூடிவைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

“இதுவரை நான் சொன்னவற்றுக்குச் செலவு உண்டு. செலவே இல்லாத ஒரு சிக்கனத்தை இப்போது சொல்கிறேன். இந்த வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் நீர் ஏற்றப்படுகிறது. ஏறிய நீருக்கு இரண்டே வழிதான் உண்டு. ஒன்று, குழாயில் ஒழுகியிருக்க வேண்டும். நான் அடிக்கு அடி பார்த்துவிட்டேன். தரை காய்ந்து கிடக்கிறது. அப்படியானால்...” மூன்று நொடி நின்றேன். “மற்றொன்று, அது வெளியே எடுத்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும். குடங்கள் வாசலைத் தாண்டியதை இந்தக் கண்களால் பார்த்தேன். விலைக்குப் போகிற பொருளை விலையில்லாமல் கொடுப்பவர் எவர்? சாவி யாரிடம் இருக்கிறதோ, பதிலும் அவரிடம்தான் இருக்கிறது.”

கொட்டாவிகள் நின்றன. யாரோ மேசையைத் தட்டினார். அந்தத் தட்டல் எனக்குள் எப்படி இறங்கியது என்பதை மறைக்கப்போவதில்லை. இனித்தது.

மேற்பார்வையாளர் உடனே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டனுப்பினார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அவர் கதவருகில் வந்து நின்றார்.

“யம்மா, சாவியைக் குடு. ஞாயித்துக்கெழம தண்ணி வித்துக்கினு கீறியாமே?”

“ஆரு சொன்னா?”

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தார்.

“ரெண்டு கொடம் குடுத்தேன். இல்லன்னு சொல்லல. டீக்கடக்காரி ஒரு பன்னு குடுத்தா, தின்னேன். அதுக்கு மேல, நான் இன்னா தொட்டியத் தலையில தூக்கிக்கினு போயிட்டனா? எத்தினி தபா சொல்லிக்கினே கீறேன், தண்ணி தங்கலன்னு. எவனாச்சும் எழுதனீங்களா?”

“எழுதுறதுக்கு நோட்டுல உனக்கு இடம் இல்லம்மா. நிரந்தரப் பணியாளர் எழுதினாத்தான் குறைன்னு எடுப்பாங்க. போ, போ, வேலையப் பாரு.”

மன்றாடவில்லை; அழவும் இல்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். குற்றவாளிகளின் அழுத்தம் என்று நினைத்தேன். அந்த வாரக் கடைசியில் ஒப்பந்ததாரர் அவரைத் திண்டிவனத்தில் இருந்த வேறொரு அலுவலக வளாகத்துக்கு மாற்றினார். கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து விழுப்புரத்துக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் உண்டு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வெளியூர்ப் பேருந்துதான்; டிக்கெட் எடுக்க வேண்டும். அங்கே ஆறரைக்கு ஆஜராக வேண்டும். முதல் பேருந்தில் கிளம்பினாலும் அவரால் ஏழரைக்கு முன் போய்ச் சேர முடியாது. ஒப்பந்த வேலையில் ஆளை நீக்குவதில்லை. போக முடியாத இடத்தில் போட்டுவிட்டு, வராத நாள்களை எண்ணுவார்கள். இதை எனக்கு விளக்கியவர் மேற்பார்வையாளர். விளக்கும்போதும் சிரித்தார்.

சாவி இப்போது வாசல் காவலாளியிடம். அடுத்த ஞாயிறு கோடு தரையோடு கிடந்தது. வரைபடத்தைப் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பினேன். அவர் பதிலுக்கு உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு இரண்டாம் மாடி மகளிர் கழிப்பறை வாசலில் கூச்சல். விடுமுறை முடிந்த முதல் நாள் என்பதால் சான்றிதழுக்கும் விசாரணைக்கும் வந்த கூட்டம் தாழ்வாரத்தில் நிறைந்திருந்தது. மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து கைக்குழந்தையோடு விடியலில் கிளம்பி வந்த ஒரு பெண், “எத்தினி மாடி கட்டி இன்னாத்துக்கு? ஒரு சொட்டுத் தண்ணி இல்ல!” என்று கத்திக்கொண்டிருந்தாள். காவலாளி காலை ஏழு மணியிலிருந்து மோட்டாரைப் போட்டிருந்தார். கூட்டமோ ஏற ஏற இறைத்துக்கொண்டிருந்தது. மாலைவரை மோட்டார் நிற்கவில்லை.

அந்த வார வரைபடத்தைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மேடு காணாமல் போகவில்லை. திங்கட்கிழமைக்கு நகர்ந்திருந்தது, முன்னைவிட நீண்டிருந்தது.

உடனே உண்மை புலப்பட்டது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. முதலில் என் பெட்டியைச் சந்தேகித்தேன், வேறொன்றை மாட்டினேன். அதே கோடு. பிறகு காவலாளியைச் சந்தேகித்தேன். திருட்டுக் கை மாறியிருக்கலாம் அல்லவா? சாவியோடு சேர்த்து வாடிக்கையையும் அந்தப் பெண் இவருக்குக் கைமாற்றிவிட்டுப் போயிருக்கலாம். டீக்கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து வாசலைப் பார்த்தேன். காவலாளி ஒரு குவளைத் தண்ணீரைக்கூட வெளியே கொண்டுபோகவில்லை. கடைக்காரப் பெண் மூன்று தெரு தள்ளிப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தார். எனக்கு டீ வைக்கும்போது டம்ளரைக் கொஞ்சம் அழுத்தி வைத்தார்.

அப்போதுதான், கூட்டத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய ஒரு கணக்கைப் போட்டேன். நான்கு மணி நேரம் மோட்டார் ஓடினால் எத்தனை குடம் நீர் ஏறும்? ஆயிரக்கணக்கில் வந்தது. நான் பார்த்தது இரண்டு. மீதிக் குடங்களை யார் சுமந்தார்கள்? எப்போது? எந்த வாசல் வழியாக? நடுத்தரமாகப் படித்த எந்தப் பொறியாளனும் முதல் நாளே கேட்டிருக்கக்கூடிய கேள்வி. நான் அதைக் கேட்கவில்லை. இரண்டு குடம் என் பேச்சுக்குப் போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் காவலாளியை உடன் வைத்துக்கொண்டு மோட்டார் அறையைத் திறந்தேன். மாடித் தொட்டி நிறையும்வரை ஓடவிட்டு நிறுத்தினேன். வெளியிலிருந்து கீழ்த்தொட்டிக்கு நீர் வரும் குழாயை இறுக மூடினேன். கீழ்த்தொட்டிக்குள் குனிந்து, நீர் நின்ற மட்டத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்தேன். இனி அந்த நீர் ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தேன்.

கோடு தண்ணீருக்கு அடியில் இருந்தது.

காவலாளி எட்டிப் பார்த்தார். “இன்னா சார், கோட்டத் தப்பாப் போட்டீங்களா?”

கோடு தப்பில்லை. மேலே போகும் குழாயில் கை வைத்தேன். மோட்டார் நின்று ஒரு மணி நேரம் ஆகியும் குழாய் சில்லென்று, மிக மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. ஏறிய நீர் திரும்பி வராமல் தடுக்க அந்தக் குழாயில் ஒரு வால்வு உண்டு. அதன் உள்தட்டு தேய்ந்து சரியாக மூடாமல் போயிருந்தது. குழாய் மாடித் தொட்டியின் அடிப்பக்கத்தில் இணைந்திருந்ததால், மோட்டாரை நிறுத்திய கணத்திலிருந்து நீர் அதே குழாய் வழியாகக் கசிந்து, நின்ற மோட்டாரின் ஊடாகவே கீழ்த்தொட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தரையில் ஈரமில்லை, வாசலில் குடமில்லை. அரசின் மின்சாரத்தில் ஏறியது, அரசின் தொட்டிக்கே இறங்கியது, மறுபடி ஏற்றப்பட்டது. எத்தனை மாதமாகவோ, எத்தனை ஆண்டாகவோ.

இரண்டே வழிதான் உண்டு என்று சொன்னவன் நான். நான் பயின்ற மன்றங்களில் எப்போதும் இரண்டே அணிகள். மூன்றாவது நாற்காலியை எவரும் போட்டதில்லை. ஒழுகியது அல்லது திருடப்பட்டது. வந்த இடத்துக்கே அது திரும்பியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ‘தொட்டியில் தண்ணீர் தங்கவில்லை’ என்பதைவிடத் துல்லியமாக அந்தப் பழுதை எந்தப் பொறியாளரும் சொல்லியிருக்க முடியாது.

திங்கட்கிழமை உதவிப் பொறியாளர் அம்மையாரிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு வால்வுதானே? இன்னைக்கே மாத்தச் சொல்றேன். ரிப்போர்ட்ல சேர்த்துக்குங்க. இருக்கறதுலயே சீப்பான ஐட்டம் இதுதான்.”

“அந்த அக்கா விஷயம், மேடம்?”

“அது கான்ட்ராக்டர் ஆள் போடற விஷயம். என் ஃபைல்ல அவங்க பேரே இல்லையே. இல்லாத பேரை நான் எப்படித் திருத்தறது?”

முதலாளி தொலைபேசியில் இன்னும் தெளிவாகச் சொன்னார். “வால்வை எழுது, ஆளை எழுதாத. நம்ம முதல் கண்டுபிடிப்பு தப்புன்னு நாமளே சொன்னா, மத்த கண்டுபிடிப்பை எவன் நம்புவான்? ஜல்தியா முடிச்சிட்டு வா.” வாதம் சரியாகத்தான் இருந்தது. அதனாலேயே அதைச் சந்தேகித்தேன். அதை ஒட்டி என்னாலும் அரைமணி நேரம் பேசியிருக்க முடியும்.

அடுத்த நாள் திண்டிவனத்து வளாகத்துக்குப் போனேன். என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அவர் தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துடைப்பதை நிறுத்தாமலே பேசினார்.

“இங்கயும் மீட்டர் வெச்சிட்டியா தம்பி? நாங்க குடிக்கிற தண்ணிய எண்ணிக்க.”

“அக்கா, வால்வுதான் கெட்டுப்போயிருக்கு. தண்ணி திரும்பிக் கீழயே வந்துக்கினு இருந்திருக்கு. நீங்க சொன்னதுதான் சரி.”

“அத எங்கிட்ட வந்து சொல்ற? எனக்குத்தான் முன்னியே தெரியுமே.”

ஏன் ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாமல் வந்தார் என்று கேட்டேன். அந்தக் கேள்வி இன்னமும் எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சேவ பண்ண வந்தேன்னு நெனச்சியா? ஞாயித்துக்கெழம ஏத்துனா திங்கக்கெழம காலையில பாதியாவது நிக்கும். இல்லன்னா நாலு மாடிக்கும் பக்கெட்டுல நான்தான் தூக்கணும். ஒரு நா வந்து ஒரு சுவிச்சு போட்டுட்டுப் போனா என் இடுப்பு பொழைக்கும். இதுல இன்னா களவு?”

மன்னிப்புக் கேட்டேன். எனக்குத் தெரிந்த அழகான சொற்கள் வரிசையில் வந்து நின்றன. அவற்றை விலக்கிவிட்டுக் கேட்டேன்.

“உன் மன்னிப்ப வெச்சிக்கினு நான் பஸ்ஸு ஏற முடியுமா? தெனமும் லேட்டுதான், அதுல மூணு நாள வராத நாளுன்னு எழுதிட்டான். நாலாவது நா வராதன்னு சொல்லிட்டான். இங்க வந்து மெதுவா சொல்ற. அங்க மைக்கு வெச்சிச் சொன்ன இல்ல? அங்கயே போய்ச் சொல்லு.”

மறு புதன்கிழமை இறுதிக் கூட்டம். முதலாளியும் சென்னையிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஒலிபெருக்கியின் முன் நின்றேன்.  இடைவெளி விடவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. வால்வைப் பற்றிச் சொன்னேன். பிறகு, “போன கூட்டத்தில் திருட்டு என்று சொன்னேன். அது தவறு. பார்த்தது இரண்டு குடம். பேசியது ஒரு தொட்டி. அந்தப் பேச்சால் ஒருவர் வேலை போகும் நிலையில் இருக்கிறார். அவர் இந்தப் பழுதை எங்கள் எல்லோரிடமும் முன்பே சொல்லியிருக்கிறார். அவரைப் பழைய இடத்துக்கு அனுப்பிச் சாவியைக் கொடுக்க வேண்டும்” என்றேன்.

இந்தமுறை மேசையை யாரும் தட்டவில்லை. முதலாளி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையார் கதவோரம் திரும்பி, “இன்னும் எத்தனை நாள் அவங்களை அங்க வெச்சிருக்கப் போறீங்க?” என்று மேற்பார்வையாளரைக் கேட்டார். அது உத்தரவா, விசாரிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. மேற்பார்வையாளர் உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். எதிர்க்க ஆதாயம் ஏதும் இல்லை என்று கணக்கிட்டிருப்பார்.

அடுத்த திங்கட்கிழமை காலை மோட்டார் அறை வாசலில் சாவி கைமாறியது. புது வால்வு குழாயில் பளபளத்தது. காவலாளி, டீக்கடைக்காரப் பெண், மனுவோடு வந்த நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மேற்பார்வையாளர் சாவியை நீட்டினார். அந்த அக்கா உடனே வாங்கவில்லை.

“இப்ப வாங்கிக்கிறேன். நாளைக்கு வேற ஒருத்தன் வேற மீட்டர் எடுத்துக்கினு வருவான். அவன் பழைய நோட்டப் பாப்பான். அதுல நான் திருடின்னு இருக்குமா, இல்ல சரியாச் சொன்னவன்னு இருக்குமா?” இதை மேற்பார்வையாளரிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

இடைக்கால அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், திருட்டு என்று நான் எழுதிய வாக்கியம் அப்படியே இருந்தது. இன்னும் ஒப்படைக்காத இறுதி அறிக்கையில் முதலாளி ஆளைப் பற்றிய வரிகளை நீக்கச் சொல்லியிருந்தார். நானும் மறுத்துச் சொல்லியிருக்கவில்லை. மேற்பார்வையாளர், “விடும்மா, பேஜாரு பண்ணாத” என்றார். அந்த அக்கா கையை நீட்டாமல் நின்றார்.

நான் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

“அக்கா, முதல் பக்கத்துலயே எழுதுறேன். திருட்டுன்னு நான் சொன்னது பொய்யின்னும், தண்ணி தங்கலன்னு முதல்ல சொன்னது மோட்டார் ரூம் பாத்துக்கிற நீங்கதான்னும் எழுதி, கீழ என் கையெழுத்தப் போடுறேன். அதுல ஒரு காப்பி உங்க கைக்கு வந்து சேராம இந்த ரிப்போர்ட்ட நான் எவர்கிட்டயும் குடுக்க மாட்டேன். என் வேலை போனாலும் குடுக்க மாட்டேன்.”